உணவுக்குழாய்ப் புற்று: முளையிலே கிள்ளும் மருத்துவம்

நம் வடாற்காட்டுப் பகுதிக்கு அணியாய் விளங்கும் மலைகளுள் ஜவ்வாது மலை தலையாயது. அதன்கண் காவலூர் என்னும் சிற்றூரில் வானாய்வு நிலையமொன்று உளது. 1968-ஆம் ஆண்டில் சிறியதொரு தொலைநோக்கியுடன் தொடங்கிய அந்நிலையத்தில், 1986-ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் அகலமுள்ள ஆடி பொருத்திய பெருந் தொலைநோக்கி இயங்கி வருகின்றது. எண்ணரும் தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியை அம்மலை உச்சியினின்று அறிஞர் ஆராய்கின்றனர். ஆனால், அதே மலையில் வாழும் ஒருவரது தொண்டைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் தோன்றிய புண்ணொன்றை உரிய காலத்தே கண்டார் ஒருவருமிலர். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் வகுப்புத் தோழரொருவரின் அழைப்பிற்கிணங்கி, ஜமுனாமரத்தூரை அடுத்த அவர்தம் மலையூருக்குச் சென்றிருந்தேன். சாமைச் சோறும் புளிக்குழம்பும் இலையில் இட்டனர். தோழரின் பாட்டனார் மட்டும் எங்களோடு உண்ண அமரவில்லை. அவர் கையில் ஒரு குவளைக் கஞ்சியே இருந்தது. "எனக்குச் சோறு இறங்காது, தம்பி. நீங்கள் சாப்பிடுங்கள்," என்றார். முதலில் களியுருண்டை நெஞ்சில் நின்றதென்றும், தண்ணீர் குடித்து இறக்கிக் கொண்டதாகவும், பின்னர்ச் சோறும் நின்றதென்றும், வயதானால் தொண்டை சுருங்குவது இயல்பென்று கருதி இருந்து விட்டதாகவும் அவர் உரைத்தார். மலையினின்று இறக்கி மருத்துவரிடம் காட்டிய பொழுது நோய் முற்றியிருந்தது. அறுத்து நீக்கவியலாத நிலையாதலின், குழாயினுள்ளே கம்பி வலையாலான சிறு குழலொன்றைப் பொருத்திக் கஞ்சி இறங்க வழி செய்து அனுப்பினராம். "தொடக்கத்திலேயே கண்டிருந்தால், மார்பைத் திறவாமலே எடுத்திருக்கலாம்," என்று மருத்துவர் கூறிய சொல் என் தோழரின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்து நின்றது. மார்பைத் திறவாமல் எடுப்பது எங்ஙனம்? தொடக்கத்தில் காண்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, மருத்துவம் பயிலாதார்க்கும் விளங்குமாறு இங்கு எழுதப் புகுகின்றேன்.

உணவுக்குழாயின் இயல்பு

உணவுக்குழாய் என்பது தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் தசைக்குழல். வளர்ந்தவர்க்கு அது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுடையது. மூச்சுக்குழலின் பின்னும் முதுகெலும்பின் முன்னுமாக மார்பினூடே இறங்குகின்றது. அதன் சுவர் பல அடுக்குகளாலாயது. உணவு உராய்ந்து செல்லும் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்றுண்டு. அச்சவ்வின் கீழே, அதனைத் தசையோடு பிணைக்கும் நொய்ய படலமொன்று உளது. இதனை அடிப்படலம் என்று குறிப்போம். அதற்கும் அப்பால் உணவை உந்தித் தள்ளும் தசை. குடலுக்குள்ளது போன்ற புறப்போர்வை உணவுக்குழாய்க்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே தசையைக் கடந்த நோய், அண்டையிலுள்ள உறுப்புகளை எளிதிற் பற்றுகின்றது.

மற்றுமொன்று. இக்குழாயின் சுவரில் நிணநீர் நாளங்கள் மிகுதி. அவை வயல்களுக்கிடையே ஓடும் வாய்க்கால்களைப் போல்வன. உட்சவ்வின் மேற்பரப்பில் அவை அரியன. அடிப்படலத்திலோ நிறைந்து கிடக்கின்றன. ஆதலின் புற்றுநோய் மேற்பரப்பில் நிற்குமளவும் ஓரிடத்து நோயேயாம். அடிப்படலத்தை எட்டிய பின்னரோ, வாய்க்கால் வழியே விதை பரவுமாப் போலக் கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலுமுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்லும் வாய்ப்புப் பெருகுகின்றது. இவ்வுண்மையை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகின்றேன். இனி வருவனவெல்லாம் இதனையே அடிப்படையாகக் கொண்டவை.

நோயும் அதன் முதலும்

உணவுக்குழாய்ப் புற்று இரு பெரும் வகைப்படும். உட்சவ்வின் தட்டையான உயிரணுக்களில் தோன்றுவது ஒன்று. குழாயின் கீழ்ப்பகுதியில், இரைப்பையின் புளிப்பு நீர் பல்லாண்டு மேலெழுந்து சவ்வின் இயல்பை மாற்றியவிடத்துத் தோன்றுவது மற்றொன்று. மேனாடுகள் பலவற்றில் பின்னையது மிகுதி. இந்தியாவில் முன்னையதே மிகுதி. புகை பிடித்தல், புகையிலை மெல்லுதல், பாக்கு மெல்லுதல், மது அருந்துதல் ஆகியவை இம்முன்னைய வகைக்குக் காரணங்களென ஆராய்ச்சியாளர் நிறுவியுள்ளனர். புகையும் மதுவும் ஒருவரிடம் ஒன்று கூடுமாயின் தீங்கு பன்மடங்காகும். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எதனையும் பருகுவது புற்றுண்டாக்கக் கூடுமென உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் எச்சரித்தது. வெற்றிலையோடு புகையிலைத் துண்டைக் கன்னத்தில் அடக்கிக் கொள்ளும் வழக்கம் நம் மாவட்டங்களில் மலையிலும் சமவெளியிலும் காணப்படுவதொன்றே. தோழரின் பாட்டனாரும் அறுபதாண்டுகளாக அவ்வழக்கமுடையவர்.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5,11,000 பேர்க்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. அவ்வாண்டிலேயே இந்நோயால் இறந்தோர் தொகை ஏறத்தாழ 4,45,000. நோயுற்றோர் தொகைக்கும் இறந்தோர் தொகைக்கும் இடைவெளி இத்துணைச் சிறிதாயிருப்பதன் காரணம் யாது? நோய் பிந்திக் காணப்படுவதே முதற் காரணமாம்.

தொடக்கத்தில் காண்பதன் அருமை

உணவுக்குழாய் நன்கு விரிந்து கொடுக்கும் இயல்பினது. அதன் உட்புறத்தில் ஒரு காசளவு நோய் தோன்றினும் உணவு தடையின்றிச் செல்லும். வலியும் பெரும்பாலும் இராது. உள்வழி பெரிதும் சுருங்கிய பின்னரே களி நிற்கும். பின்னர்ச் சோறு நிற்கும். இறுதியில் நீரும் நிற்கும். ஆகவே விழுங்கத் துன்பமுறுதல் இந்நோயின் முதற்குறியென நாம் கருதினும், நோயின் கணக்கில் அது பிந்திய குறியேயாகும். இதனை அறிந்த பின்னர், அப்பெரியவர் அசட்டையாயிருந்தார் என்று குறை கூறும் எண்ணம் என்னை விட்டகன்றது.

அங்ஙனமாயின், தொடக்க நிலையில் காணப்பெறுவோர் யாவர்? வேறு காரணம் பற்றி இரைப்பையைச் சோதித்த பொழுது தற்செயலாய்க் காணப்பெற்றோர் சிலர். வாயிலோ தொண்டையிலோ முன்னரே புற்று வந்தமையால் உணவுக்குழாயையும் சோதிக்கப் பெற்றோர் சிலர். புகையிலை தீண்டிய வழியெங்கும் நோய்க்கு நிலம் பண்பட்டிருக்குமாதலின், ஓரிடத்துப் புற்றுக் கண்டவரை மற்றையிடங்களிலும் நோக்குதல் அறிவுடைமை. நெடுநாள் நெஞ்செரிவு காரணமாகச் சோதிக்கப் பெற்றோரும் உளர். சீனத்தின் ஹெபெய் மாகாணத்தில், இந்நோய் மிகுந்த ஒரு வட்டாரத்தில், 40 முதல் 69 வயது வரையுள்ளாரை ஒரு முறை உள்நோக்கிச் சோதித்து, தொடக்க நோயை நீக்கிப் பத்தாண்டு கவனித்தனர். சோதிக்கப்படாத ஊர்களை நோக்க, இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தனரென 2015-ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளிவந்தது. நோய் மிகாத நாட்டில் எல்லாரையும் அங்ஙனம் சோதித்தல் கூடாததெனினும், இடருடையாரைத் தேடிச் சோதிப்பதன் பயன் இதனால் விளங்கும்.

உள்நோக்குங் கருவி

திருவிழாக்களில் வாள் விழுங்கும் வித்தைக்காரரை நம்மில் பலர் கண்டிருப்போம். 1868-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் என்பார், அத்தகைய வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டே நேரான குழலொன்றை உணவுக்குழாயுட் செலுத்தி உள்ளே நோக்க முயன்றனர். வளையாத அக்குழலால் நோயாளர் பட்ட துன்பம் பெரிது. 1957-ஆம் ஆண்டில் ஹிர்ஷோவிட்ஸ் என்பார், ஒளியைக் கடத்தும் நுண்ணிய கண்ணாடி இழைகளாலான வளையுங் குழலை இயற்றினார். இக்காலத்து எண்டாஸ்கோப்பின் நுனியிலோ, சிறு நிழற்படக் கருவியே அமைந்துள்ளது. சிறுவிரல் பருமனுள்ள அக்குழலினூடே ஊசியும் கத்தியும் கண்ணியும் செலுத்தவும் இடமுண்டு. எனவே, காணுங் கருவியே களையுங் கருவியுமாயிற்று. தமிழில் இதனை அகநோக்கி என்பர்.

தொடக்க நிலைப் புற்று, சவ்வில் சிறிது செம்மையாகவோ சற்றே கரடாகவோ தோன்றுமன்றி வேறு வேற்றுமை காட்டாது. கைதேர்ந்த கண்ணும் அதனைத் தவற விடக்கூடும். இதற்கு எளியதோர் உபாயம் உண்டு. அயோடின் கரைசலைச் சவ்வின்மேல் தெளித்தால், நலமுள்ள உயிரணுக்கள் தம்மிடத்துள்ள மாச்சத்துப் போன்ற கிளைக்கோஜன் என்னும் பொருளினால் பழுப்பு நிறம் பெறும். நோயுற்ற உயிரணுக்களில் அப்பொருள் குன்றியிருத்தலின், அவ்விடம் நிறமேறாது வெளிறி நிற்கும். மழை பெய்த நிலத்தில் நனையாத இடம் தனித்துத் தெரிவது போல நோயின் எல்லை புலனாகும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அயோடினைக் கொண்டு மாவைச் சோதித்த மாணவர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். குறிப்பிட்ட நீல பச்சை ஒளிகளை மட்டும் பாய்ச்சி, நோயிடத்து நுண்ணிய குருதி நாளங்களின் மாறிய வடிவைக் காணும் முறையும் உண்டு.

கிள்ளியெடுக்கும் முறை

நோய் மேலடுக்கினதே என்று தோன்றுமாயின், அகநோக்கியின் வழியே அதனை நீக்குவர். சிறியதாயின், அவ்விடத்தை உறிஞ்சி மேலெழச் செய்து, கம்பிக் கண்ணியால் சுருக்கி மின்சூட்டால் அறுப்பர். பெரியதைத் துண்டு துண்டாய் எடுப்பின் எச்சம் நிற்கலாம். எடுத்ததன் விளிம்பு இதுவென்று துணிதலும் அரிது. ஆதலின் ஜப்பானிய மருத்துவர் 1990-களில் தொடங்கி வேறொரு முறையை வளர்த்தனர். நோயைச் சூழ முதலிற் சிறு புள்ளிகளால் எல்லை குறிப்பர். பின்னர் அடிப்படலத்தில் ஊசியால் நீர்மமொன்றைச் செலுத்துவர். அதனால் நோயுற்ற சவ்வு கொப்புளம் போல் எழும்பித் தசையினின்று விலகி நிற்கும். எல்லைக்குப் புறத்தே மின்கத்தியால் சுற்றி வெட்டி, அடிப்படலத்தின் ஊடாகச் சிறிது சிறிதாய் அறுத்து, ஒரே துண்டாய் எடுப்பர். பலாச்சுளையைச் சடையினின்று சிதையாமல் பிரித்தெடுப்பவர் கைத்திறன் எனக்கு நினைவு வருகின்றது. ஆனால், இங்குச் சுவரின் முழுப் பருமனும் சில மில்லிமீட்டரே. குருதி வடிதலும், சுவரில் துளை விழுதலும் நேரக்கூடும். அவற்றைப் பெரும்பாலும் அப்பொழுதே மின்சூட்டாலும் சிறு கவ்விகளாலும் அடைப்பர். மார்பில் வெட்டுக் காயமில்லை. உணவுக்குழாய் தன்னிடத்திலேயே நிற்கின்றது. பழைய முறையிலோ, உணவுக்குழாயின் பெரும் பகுதியை நீக்கி, இரைப்பையைக் குழலாக்கி மேலே இழுத்துப் பொருத்துவர். நோய் ஆழ்ந்தவர்க்கு அஃது இன்றும் வேண்டப்படுவதே. எனினும் முதியோர்க்கும் மெலிந்தோர்க்கும் அது பெருஞ்சுமையாம்.

எடுத்த பின் செய்வது

எடுத்ததோடு மருத்துவம் முடிந்ததென்று கருதுதல் பிழை. அகநோக்கி மேற்பரப்பைக் காட்டுமேயன்றி ஆழத்தை ஐயமற உரைக்கமாட்டாது. எடுத்த துண்டைப் பலகையில் விரித்துக் குத்தி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கீற்றுகளாக அரிந்து, நோயியல் அறிஞர் நுண்ணோக்கியில் ஆராய்வர். அவர் விடையிறுக்கும் வினாக்கள் மூன்று. நோய் எவ்வளவு ஆழம் சென்றது? வெட்டிய விளிம்பில் நோய் உளதா? நிணநீர் நாளத்திலோ குருதி நாளத்திலோ நோயணு புகுந்துள்ளதா?

தட்டையணுப் புற்று, சவ்வின் மேலிரண்டு அடுக்கில் மட்டுமே நின்று, விளிம்பும் நாளங்களும் தூயனவாயின், நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திற்கும் குறைவு. அவர்க்கு மேலும் மருத்துவம் வேண்டா. காலந்தோறும் சோதித்தலே போதும். அடிப்படலத்துள் ஒரு மில்லிமீட்டரின் ஐந்திலொரு கூற்றுக்கு மேல் நோய் இறங்கியிருப்பின், அவ்வாய்ப்பு நூற்றுக்கு முப்பதிலிருந்து ஐம்பது வரை உயருமென்பர். ஒரு தாளின் பருமனில் இரு மடங்களவே ஒரு மனிதனின் வழியை மாற்றிவிடுகின்றது!

இத்தகையோர்க்கு முன்னர் அறுவையே கூறப்பட்டது. அறுவையின்றி உணவுக்குழாயைக் காத்தல் கூடுமோவென ஜப்பானிய மருத்துவமனைகள் பல சேர்ந்து ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டன. அதன்கண் 176 நோயாளர் சேர்க்கப்பெற்றனர். முதலில் அகநோக்கியால் நோயை எடுத்தனர். ஆழ்ந்த நோயோ நாளங்களில் நோயணுவோ காணப்பட்டு, விளிம்பு தூயதாயிருந்தோர்க்கு, இரண்டு புற்றுநோய் மருந்துகளோடு 41.4 கிரே அளவுக் கதிர்வீச்சும் அளித்தனர். விளிம்பில் எச்சமிருந்தோர்க்கு 50.4 கிரே அளித்தனர். முதற் கூறிய பிரிவினருள் மூன்றாண்டிற்குப் பின் உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 90.7 விழுக்காடு. அறுவையால் கிடைக்கும் பயனோடு இஃது ஒப்பிடத்தக்கதென்று ஆய்வாளர் கருதினர். எனவே, எடுத்தலும் தொடர்தலும் இணைந்ததே இம்மருத்துவம் என்பது பெறப்படும்.

இதனோடு வேறு சில கவலைகளும் உள. குழாயின் சுற்றளவில் முக்காற் பங்குக்கு மேல் சவ்வை எடுத்தால், புண் ஆறுங்கால் தழும்பு சுருங்கி வழி அடைபடும். அதனைத் தடுக்க ஸ்டீராய்டு மருந்தளிப்பர். சுருங்கியவிடத்தைக் காற்றுப்பையால் பலமுறை விரிப்பதுமுண்டு. மேலும், ஓரிடத்து நோய் நீங்கினும், புகையிலையால் பண்பட்ட சவ்வில் வேறிடத்தே புதுநோய் முளைக்கலாம். ஆகவே மீண்டும் மீண்டும் அயோடின் தெளித்து நோக்குதலும், வாயையும் தொண்டையையும் பார்த்தலும், புகையிலையையும் மதுவையும் அறவே விடுதலும் மருத்துவத்தின் பகுதிகளே.

மலையும் மருத்துவமும்

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நால்வகைக் கூற்றினது என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்தனர். இதனைத் தேர்வுக்காகப் பலமுறை படித்துள்ளேன். நான்காவதாகிய உதவுவோனை அவர் ஏன் மருத்துவனோடு ஒப்ப எண்ணினார் என்பது மலையூருக்குச் சென்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

41.4 கிரே கதிர்வீச்சை நாளொன்றுக்கு 1.8 கிரேயாகப் பகிர்ந்தால், அது 23 நாளைய மருத்துவமாம். வாரத்திற்கு ஐந்து நாளெனின் ஏறக்குறைய ஐந்து வாரம். மலையினின்று நாள்தோறும் வந்து செல்லல் இயலாது. நகரில் தங்க வேண்டும்; உடன் ஒருவர் இருக்க வேண்டும்; அவர் சாமை அறுப்பையும் ஆடுமாடுகளையும் பிறரிடம் ஒப்புவிக்க வேண்டும். அதன் பின்னரும் ஆண்டுதோறும் சோதனைக்கு இறங்கி வர வேண்டும். நோய் சவ்வின் மேலடுக்கில் நிற்கும் பொழுதே கண்டால், இவற்றுள் பெரும்பாலானவை மிச்சம். எனவே, தொலைவிலுள்ளார்க்கே முந்திக் காணுதல் மிக வேண்டப்படுகின்றது. தொலைவிலுள்ளார்க்கே அது மிக அரிதாயுமிருக்கின்றது.

இக்குறையை நீக்குதல் இயலாததன்று. 1900-ஆம் ஆண்டில் ஒரே கட்டிலோடு வேலூரில் மருத்துவப் பணி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், நோயாளர் தம்மை நாடி வருவதற்குக் காத்திராமல், சாலையோர மரநிழல்களிற் சென்று மருந்தளித்தனர். அப்பணி இன்று பெரிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்து நிற்கின்றது. 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில் ஊழியர் வீடுதோறும் சென்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தளிக்கின்றனர். இத்தகையோர் ஐம்பது வயது கடந்த, புகையிலை வழங்கும் ஒவ்வொருவரிடமும், "களியோ சோறோ நெஞ்சில் நிற்கின்றதா?" என்று ஒரு வினா எழுப்பினால், முற்றிய நோயேனும் சில திங்கள் முந்திக் காணப்படும். வாய்ப்புற்றுக் கண்டவரை உணவுக்குழாய்ச் சோதனைக்கும் அனுப்பினால், முளை நிலையிலேயே சிலர் காணப்படுவர்.

நண்பர்காள்! அகநோக்கியும் மின்கத்தியும் நம் கையில் இல்லை. ஆனால் உடனிருந்து உதவுவோனாதல் நம் ஒவ்வொருவர்க்கும் கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், வீட்டில் முதியவர் எவரேனும் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறியிருப்பின், முதுமையென்று வாளாவிராது காரணம் வினவுவோமாக. நான் மலையினின்று திரும்பிய அன்று, தோழரின் தந்தையார் தம் இடுப்பிலிருந்த புகையிலைப் பொதியை அடுப்பிலிட்டார். அவர்க்கு வயது ஐம்பத்திரண்டு; முப்பதாண்டுப் பழக்கம். தை பிறந்ததும் தோழர் அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்று, அகநோக்கியால் சோதிக்கச் செய்தனர். அயோடின் தெளித்த சவ்வு முழுவதும் பழுப்பேறிற்றாம். வெளிறிய இடம் ஒன்றுமில்லை. இச்செய்தியைப் பாட்டனாரிடம் கூறிய பொழுது, அவர் கஞ்சிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த ஆண்டும் கூட்டிப் போ," என்றாராம்.